கொழுப்பில்லாத உடம்பின் பசி

என் ரேவதி அக்காவுக்கு,

ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை, காலை ஏழே முக்கால். உன் மகள் யாழினியின் ரத்தத்தில் மிதக்கிற கொழுப்பு 640. நூற்றைம்பதுக்குள் இருக்கணும். ரிப்போர்ட் இப்பத்தான் போனுக்கு வந்தது. வேங்கிக்காலில் பஸ்ஸுக்கு நின்றபடியே எழுதறேன். வேற யார்கிட்ட முதல்ல சொல்றது?

சுத்தி வளைக்காம வர்றேன். திங்கட்கிழமை யாழினி பெரியவளாயிட்டா. பதிமூணு வயசு. நீ பக்கத்துல இருந்திருக்கணும். நீ போய் ரெண்டு வருஷம் ஆவுது. மறுநாள் தாய்மாமன் முறைக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்ட கீழ்பென்னாத்தூர் போனேன். நான் ஓலை முடிஞ்சுகிட்டிருக்க, உன் நாத்தனார் சித்ரா ஒரு டம்ளர் நல்லெண்ணெய், எண்ணெய் மிதக்கிற உளுத்தங்களி, ரெண்டு பச்சை முட்டை, எல்லாத்தையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"குடிடி கண்ணு. இடுப்புக்குப் பலம்."

யாழினி மடமடன்னு குடிச்சுட்டு, களியையும் வழிச்சுத் தின்னுட்டு, "அத்தை, இன்னும் பசிக்குது"ன்னா.

"அப்படியே உங்கம்மா வாய்டி உனக்கு! கை கால்ல சதையே காணோம், நரம்புதான் கயிறு மாதிரி ஓடுது. தின்றதெல்லாம் எங்கதான் போவுதோ?"

சித்ரா சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாள். கெட்டவள் இல்ல. வேலைக்கு லீவு போட்டுட்டு உன் பிள்ளையைப் பார்த்துக்கிறாள். ஆனா நான் ஓலையைக் கீழே வச்சுட்டேன். உன் விஷயத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது.

எங்கே போகுதுன்னு இப்ப எனக்குத் தெரியும், அக்கா. நம்ம தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை நாம வெறும் ஊளைச்சதைன்னு நினைக்கிறோம். அது ஒரு உறுப்பு. லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரந்து, "கையிருப்பு இருக்கு, போதும்"னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. வயசுக்கு வர்ற சமயத்தில் கை காலில் இருக்கிற கொழுப்பு கரைஞ்சு போயிடும். லெப்டின் கம்மியாயிடும். மூளை பட்டினின்னு நினைச்சுக்கும். எவ்வளவு தின்னாலும் பசி. தின்ற கொழுப்புக்கு உட்கார இடம் கிடையாது. ரத்தத்தில் மிதக்கும், ஈரலில் போய்ப் படியும், தசைக்குள்ள நுழையும். அப்புறம் இன்சுலின் சொல்பேச்சு எடுபடாது. சர்க்கரை ஏறும். ஒருநாள் கணையம் வெந்துபோகும்.

உன் கால் தசையைப் பார்த்துட்டுத்தானே பி.டி. டீச்சர் உன்னைக் கபடியில் சேர்த்தாங்க? "என் பொண்ணு உடம்புல துளி கொழுப்பு கிடையாது"ன்னு அம்மா அடி அண்ணாமலை ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. ஒல்லியா இருக்கிறவளுக்கு ஈரல்ல கொழுப்பா, சர்க்கரையான்னு யார் யோசிக்கப் போறாங்க?

அந்தக் கடைசி வாரம். பௌர்ணமி விரதம் இருந்து, மலை சுத்திட்டு வந்து, வயித்து வலின்னு சுருண்டுட்ட. ரத்தம் எடுத்தாங்க. குழாயில் பால் மாதிரி வெளுத்து நின்றது. லேபில், "சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க, நாளைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா உன்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "விரதம்னு சொல்லிட்டு எதைடி முழுங்கின?"

"சத்தியமா தண்ணிதாம்மா."

நாளைக்குன்னு ஒன்னு உனக்கு வரல. நான் லேப் மெஷின் சர்வீஸ் பண்றவன். அந்த மாதிரி ரத்தம் வந்தா மெஷின் எரர் காட்டும். நீ போன பிறகு ஒவ்வொரு எரருக்கும் டாக்டர்களை நச்சரிச்சேன். ஒரு அம்மா டாக்டர்தான் உன் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாங்க. கை நரம்பையும் கால் தசையையும் காட்டி இதைச் சொன்னாங்க. பிள்ளைகளுக்கும் வரலாம், பாதிக்குப் பாதி வாய்ப்புன்னாங்க.

அதனாலதான் அன்னைக்கு சித்ரா மறுபடி எண்ணெய் ஊத்த வந்தப்ப டம்ளரைப் பிடுங்கினேன்.

"தம்பி, பொம்பள விஷயத்துல உங்களுக்கு என்ன தெரியும்? சீரைக் கொண்டாந்தமா, ஓலையைக் கட்டினமான்னு இருங்க."

"எண்ணெய் அவளுக்கு விஷம்."

"எங்க வீட்டு எண்ணெய் விஷமா? செக்குல ஆட்டினதுங்க!"

"செக்குல ஆட்டினாலும் கொழுப்பு கொழுப்புதான். ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

"தண்ணி ஊத்துற வரைக்கும் பொண்ணு வாசல் தாண்டக்கூடாது. தீட்டு வீட்டுல ஊசியா?"

நான் கத்திட்டேன். எனக்குப் பொறுமை கம்மின்னு உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் எழுந்து வந்து கட்டின ஓலையைத் தொட்டுப் பார்த்துட்டு, "மச்சான், அவ வெளிய வர வேணாம். ஊசியை உள்ள வரச் சொல்லு"ன்னார்.

நேத்து காலையில் லேப் பொண்ணு குனிஞ்சு குடிசைக்குள்ள போனாள். ராத்திரியிலிருந்து ஒன்னும் சாப்பிடாத யாழினி கையை நீட்டினாள். சித்ராதான் அவள் தலையைப் பிடிச்சு வேற பக்கம் திருப்பி வச்சுக்கிட்டாள்.

640 பயப்பட வேண்டிய எண்தான். ஆனா பால் மாதிரி வெளுத்த உன் ரத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதே கோளாறுதான்னு இன்னும் உறுதியாகல. லெப்டினையே ஊசியாச் செஞ்சிருக்காங்க, இங்கே சுலபமாக் கிடைக்காது. எல்லாருக்கும் அது தேவையும் இல்லையாம். சாப்பாடு, ஓட்டம், மாத்திரையிலேயே நிறைய பிடிச்சு நிறுத்தலாம்.

பஸ் வந்துடுச்சு. நான் செய்யப்போறது இது:

1. இப்ப நேரா கீழ்பென்னாத்தூர். ரிப்போர்ட்டை சித்ராவுக்கு உட்கார்ந்து விளக்குவேன். கத்த மாட்டேன். களி கிண்டட்டும், எண்ணெயும் முட்டையும் இல்லாமல்.

2. ஞாயிற்றுக்கிழமை தண்ணி ஊத்தி முடிச்சதும், திங்கட்கிழமை வேலூரில் ஹார்மோன் டாக்டர். உன் வீட்டுக்காரரும் வர்றார்.

3. அம்மாவுக்கும் எனக்கும் டெஸ்ட். அம்மா அழுவாங்க. கூட்டிட்டுப் போவேன்.

4. யாழினி உன்னைப் பத்திக் கேட்பாள். தீனிக்காரின்னு யாரும் சொல்ல விடமாட்டேன். உங்கம்மாவுக்கு நிஜமாவே பசிச்சுது, அவள் ஒருநாளும் பொய் சொல்லலைன்னு சொல்வேன்.

உன் தம்பி,
யாழினியின் தாய்மாமன்