பாலத்திலிருந்து விழுந்தவரைப் பற்றி எழுத, தடுக்கப்பட்ட இணையதளத்தைத் திறக்கக் கோருதல்

அனுப்புநர்:
கிரேன் ஓட்டுநரின் தங்கை,
தையற்கடை, நூலகத்துக்கு எதிரில்.

பெறுநர்:
நூலகத் துறை அலுவலர் அவர்கள்.

பொருள்: நூலகக் கணினியில் இணையக் கலைக்களஞ்சியம் தடுக்கப்பட்டது – நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆற்றுப் பாலம் கட்டியபோது கிரேன் ஓட்டியவர் என் அண்ணன். பக்கவாதம் அவர் பேச்சையும் வலது கையையும் பறித்துக்கொண்டது. இடது கை விரலால் நூலகக் கணினியில் தட்டித் தட்டி எழுதுவார். கைபேசியின் சின்ன எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை.

2. நூலகத்திலுள்ள அச்சுக் கலைக்களஞ்சியத்தில் அப்பாலம் பற்றி அரைப் பக்கம் உண்டு. "உயிர்ச்சேதமின்றிக் கட்டப்பட்டது" என்கிறது அது. படித்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை. உடன் வேலை செய்த நண்பர் சாரத்திலிருந்து ஆற்றில் விழுந்து இறந்ததைக் கண்ணால் கண்டவர் அவர்.

3. பலர் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தார். ஒன்று, பாலத்தின் நீளம். மற்றொன்று, ஒரு தொழிலாளி இறந்தார் என்ற வரி. சற்று நேரத்தில் யாரோ இரண்டையும் நீக்கி, ஆதாரம் கேட்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனோ அச்சுத் தொகுதியை எடுத்து நீளத்தைச் சரிபார்த்தார். "என் ஞாபகம்தான் தப்பு. புத்தகம் சரி" என்று துண்டுத்தாளில் எழுதிக் காட்டிச் சிரித்தார். நோய்வாய்ப்பட்ட பின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

4. அடுத்து நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. வரியை நீக்கிய அதே நபர், எந்த ஊரோ, என்ன வேலையோ, பழைய செய்தித்தாள்களைத் துழாவி, பாலப் பணியில் ஒருவர் பலியான மூலைச் செய்தியைக் கண்டெடுத்தார். அண்ணனின் வரியை ஆதாரத்தோடு திரும்ப வைத்தார். அவருக்குச் சம்பளமும் இல்லை, நாங்கள் உறவும் இல்லை. திரையில் அந்த வரியை இரண்டு முறை படித்தேன் ஐயா.

5. சென்ற மாதம் அத்தளம் தடுக்கப்பட்டது. நூலகரிடம் கேட்டேன். "யார் வேணும்னாலும் எழுதலாம்னா எப்படிம்மா நம்பறது? மேலிடத்து உத்தரவு" என்றார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. அறிஞர்கள் பெயர் போட்டுப் பொறுப்பேற்று எழுதிய அந்தத் தொகுதிகளின் முன் நின்றால் எனக்கும் தானாகவே குரல் தாழ்ந்துவிடும். ஆனால் அதிலுள்ள ஒரு பிழையைச் சொல்ல அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும். அந்தப் பதிப்பு வரவேயில்லை.

6. தளம் தடுக்கப்படுவதற்குச் சற்று முன் அந்த முகம் தெரியாதவர், எழுதுபவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார்: "இறந்தவர் பெயர் தெரியுமா? தெரிந்தால் இன்னும் தேடிப் பார்ப்பேன்." நாங்கள் அதை என் கைபேசியில் பார்த்தபோது நூலகத்தில் தளம் தடுக்கப்பட்டிருந்தது; பெயரை எழுதிக் காட்டினால் நானே கைபேசியில் எழுதிவிடட்டுமா என்றேன். அண்ணன் தலையசைத்து மறுத்தார். "அவன் பேரை நான்தான் எழுதணும்" என்று துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்.

ஆகவே, அச்சுத் தொகுதிகள் இருக்கும் இடத்தில் இருக்க, அருகிலுள்ள கணினியில் அத்தளத்தையும் திறந்துவிட உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்தப் பெயரை அறிந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் என் அண்ணன் ஒருவரே.

இடம்: நூலக வாசல்
நாள்: இம்மாதம் ஐந்தாம் தேதி

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கிரேன் ஓட்டுநரின் தங்கை