நான் கீழே போட்ட வெள்ளிப் பெட்டி

12.3.1997, புதன்

அண்ணன் கல்லூரித் தேர்வுக்காகச் செய்த பாட்டுக் கருவி இன்று மாலை ஓடவில்லை. அதை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப், பாட்டுச் சிப் இரண்டுக்கும் தாளம் கொடுப்பது நகமளவு வெள்ளிப் பெட்டி ஒன்றுதான். அது கெட்டே போகாது என்பான்.

மதியம் அந்தப் பெட்டியை ஆசையாகக் கழற்றிப் பார்த்தேன். கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கீறல்கூட இல்லாததால் திரும்பச் செருகிவிட்டேன்.

"சிப்பு ரெண்டும் ஒண்ணா எரிஞ்சு போச்சுட்டி. காலைல மதுரைக்குப் போயி வாங்குதேன்" என்றான் என்னிடம்.

அப்பா அவனிடம் சொன்னார்: "புதுசு போட்டும் ஓடலேன்னா படிப்ப நிறுத்திட்டு லேத்துப் பட்டறைக்குப் போயிருலே."

விழுந்ததில் பெட்டிதான் உள்ளே உடைந்திருக்கும்; அது தாளம் கொடுக்காமல் புதுச் சிப்புகளும் ஓடாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த அறையில் அண்ணன் பையை எடுத்து வைக்கிறான். இப்போதே போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.