ஏழாம் மேசையின் இடது தோள்

அன்புள்ள லிபிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் தனியாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, கையுறை போடாமல் வெளியே போகாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே வசந்தம் வந்துவிட்டது, சோளம் ஒரு விரல் உயரம் முளைத்திருக்கிறது, பூமியின் அந்தக் கோடியில், டனீடனில், உங்களுக்கு இனிமேல்தான் குளிர் என்பது எத்தனை வருடமானாலும் எனக்குப் பழக மாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என்னைத் திருத்துவாய், இந்த விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் அந்த மனிதரைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, தோள் நழுவி நரம்பு அறுந்துபோய்க் கை தொங்கிவிட்டது என்று, முழங்கையை நீட்டுகிற தசைக்குப் போகும் நரம்பில் ஒரு கிளையை நீ எடுத்துத் தோளைத் தூக்குகிற நரம்போடு சேர்த்துத் தைத்தாய் என்று, பதினோரு மாதம் கழித்து அவர் தன் தொப்பியைத் தானே கழற்றி உனக்குக் காட்டினார் என்று. அதை நான் சர்ச் விருந்தில் எல்லோருக்கும் சொன்னேன். வாத்துக்கறியும் மாவுருண்டையும் பரிமாறிக்கொண்டே சொன்னேன், கரண்டியாலேயே என் தோளில் இடம் காட்டினேன். மூன்றாவது மேசையில் இரண்டாம் முறை ஆரம்பித்தபோது உன் அப்பா, "டார்லீன், கறி ஆறுது, அந்த ஆளு தொப்பியக் கழட்டுனது போதும், மறுபடி மாட்டிக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நான்காவது மேசையிலும் சொன்னேன். என் மகளைப் பற்றி நான் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

நீ முதல் வருடம் படித்தபோது அப்பாவைச் சமையலறை நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார வைத்து, நீலப் பேனாவால் நரம்பும் சிவப்புப் பேனாவால் தசையும் வரைந்து பாடம் படித்தது நினைவிருக்கிறதா? மறுநாள் அவர் மறந்துபோய்க் காய்ச்சல் தடுப்பூசிக்குப் போனார், தோளில் உன் கையெழுத்தில் 'இங்கே குத்தவும்' என்றும், நாலு விரல் கீழே 'இங்கே அக்குள் நரம்பு சுற்றி வருகிறது, குத்தினால் என் அப்பா கை தூக்க மாட்டார்' என்றும் எழுதியிருந்தது. அந்த நர்ஸ் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நீ சொன்ன இடத்திலேயே ஊசி போட்டாள். அந்த நாற்காலியில்தான் நீ எனக்கும் ஒன்று சொன்னாய். நான் பிணவறுப்புக் கூடத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவள் என்ற மிதப்பில், நரம்புகளை எல்லாம் வேரிலேயே பார்த்துப் பெயர் சொல்லிவிடுவேன் என்றேன். நீ பேனாவை மூடாமலே, "எங்க பொறந்துச்சுன்னு பாத்துப் பேரு வைக்காதம்மா, எங்க போய்ச் சேருதுன்னு பாரு" என்றாய். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, ஆனால் மறக்கவில்லை.

இன்னொன்றும் மறக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, உடல் கொடுத்தவர்களின் குடும்பத்துக்கெல்லாம் வருடா வருடம் நன்றி சொல்கிறாயே, உடல்தானப் படிவத்தில் நீ ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டாய். நான் பாத்திரத்தை டம்மென்று வைத்துவிட்டு எழுந்து போனேன், இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பதில் இருந்தது லிபி, சொல்ல வெட்கமாக இருந்தது. அவர்களை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன், என்னை யார் அப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்தப் பதில். பிள்ளைகள் அவசரத்தில் தோலை இழுப்பதையும், துணியை மூடாமல் போவதையும் தினமும் பார்க்கிறவள் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் புதன்கிழமை மணித் தேர்வு. உங்கள் காலத்தில் இருந்த அதே மாதிரிதான், நாற்பது இடத்தில் நாற்பது ஊசி, நிமிடத்துக்கு ஒரு மணி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கலாம், தொடக்கூடாது, மணி அடித்ததும் அடுத்த மேசை. ஊசி குத்துவது நான், மணி அடிப்பதும் நான், விடை பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் நான். பதினெட்டாம் எண் ஊசி ஏழாம் மேசையில் இருந்தது. எண்பத்தொரு வயது அம்மாள், உடல்தானப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'பால் பண்ணை, வாழ்நாள் முழுவதும்' என்று எழுதியிருந்தார். அந்த வயதிலும் அப்படி ஒரு தோளை நான் பார்த்ததில்லை, தசை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வலது பக்கத்தைப் பிள்ளைகள் அறுத்துப் படித்துவிட்டதால் தேர்வுக்கு முந்தின நாள் இடது அக்குளை நானே திறந்து சுத்தம் செய்தேன். எப்போதும் நான் நரம்பைக் கடைசிவரை தொடர்ந்து போய்த்தான் நிறுத்துவேன், அது உனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பாவின் முழங்காலுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. பாதியில் நிறுத்தி, கீழ்ப்பாதி காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடிவிட்டு ஓடினேன். மறுநாள் காலை பேராசிரியர் ஹோம்க்விஸ்ட் வந்து பார்த்தார். அக்குள் நரம்பின் வேருக்குப் பக்கத்திலிருந்து ஒரு கிளை கிளம்பியிருந்தது. அந்த இடத்தில் கிளம்பினால் அது தோள்பட்டை எலும்புக்கு அடியில் போகிற கீழ்ப்பட்டை நரம்பாகத்தான் இருக்கும் என்று சொல்லி, "இங்க குத்துங்க டார்லீன்" என்றார். குத்தினேன்.

நூற்றுப்பன்னிரண்டு பேரில் நூற்றுப்பதினொரு பேர் 'கீழ்ப்பட்டை நரம்பு' என்று எழுதினார்கள். ஒரே ஒரு பெண் 'முதுகின் அகன்ற தசைக்குப் போகும் நரம்பு' என்று எழுதினாள். பெயர் யெசேனியா, லெக்ஸிங்டன் பக்கம், அம்மா இறைச்சி ஆலையில் வரிசையில் நின்று கத்தி பிடித்துப் பிடித்துத் தோளைத் தூக்க முடியாமல் போனவர். எழுத்துத் தேர்வையும் சேர்த்து நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. அவள் எடுத்தது அறுபத்தொன்பது. போன வருடமே ஒரு முறை தோற்றவள் என்பதால் இந்த முறையும் தோற்றால் கல்லூரியில் இடம் போய்விடும். பேராசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறாள், அவர் "விடைத்தாள்ல இருக்கறதுதாம்மா விடை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முப்பத்தொரு வருடமாக அவர் விடைத்தாளில் ஒரு பிழை வந்ததில்லை, அதை அவரே சொல்லுவார்.

திங்கட்கிழமை காலை அவள் கூடத்துக்கு வந்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்து நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவள், "ஒண்ணும் கேக்க வரல மிஸ் டார்லீன். ஏழாம் மேசை என் மேசை. வியாழக்கிழமை நினைவுக்கூட்டம் முடிஞ்சா அவங்கள எரிக்க அனுப்பிருவாங்கல்ல, நான் அதுக்குள்ள ஊருக்குப் போயிருவேன். சொல்லிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். போர்வை மேலேயே அந்த அம்மாளின் தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, ஏன் அப்படி எழுதினாய், எல்லோருக்கும் தெரிந்த விடைதானே என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது பக்கத்துத் தசையப் பாத்தும் திரும்பவே இல்ல மிஸ். கூடவே ஒரு ரத்தக்குழாயையும் கூட்டிக்கிட்டு நேரா கீழ போயிட்டிருந்துச்சு. வேற எங்கயோ போகணும்ங்கற அவசரத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. துணிக்குக் கீழ எனக்குத் தெரியல. ஆனா அது அங்க நிக்கல." லிபி, எனக்கு உன் நீலப் பேனா கண்ணில் வந்தது.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு துணியை எடுத்தேன். இடுக்கியால் ஒரு கால்மணி நேரம். அந்த நரம்பு, கீழ்ப்பட்டை நரம்பு போய்ச் சேர வேண்டிய உருண்டைத் தசையைத் தாண்டி, ரத்தக்குழாயோடு கைகோத்துக்கொண்டு நேராக முதுகின் அகன்ற தசைக்குள் போய் விரிந்தது, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லை. உண்மையான கீழ்ப்பட்டை நரம்பு அதற்கு மேலே, நூல் மாதிரி மெல்லியதாக, கொழுப்புக்குள் ஒளிந்திருந்தது. அன்று இன்னும் கால்மணி நேரம் நான் நின்றிருந்தால் ஊசியே அங்கே குத்தப்பட்டிருக்காது. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு விடையைப் பற்றியும் பேராசிரியரிடம் பேசியதில்லை, பேசக்கூடாது என்பதுதான் என் வேலையின் முதல் பாடம். ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு இதைக் காட்ட அந்த அம்மாள் இருக்க மாட்டார், அந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள், நான் மட்டும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாடி ஏறிப்போனேன். பாதியில் நிறுத்தியது நான், துணி போட்டது நான், முடிவைப் பார்க்காமல் ஊசி குத்தியதும் நான் என்று முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகு கீழே வந்து பார்க்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்க இப்ப எனக்குத் தோள் பாடம் நடத்தறீங்களா டார்லீன்?" என்றார். எனக்கும் சுருக்கென்று வந்தது. "பாடம் அந்த அம்மா நடத்துறாங்க சார், நீங்க வந்து கேட்டா போதும்" என்றேன். சொன்ன பிறகுதான் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அவர் இறங்கி வந்தார், கையுறை போட்டார், நரம்பின் மேலே இடுக்கியை வைத்து அடி அடியாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் நின்றார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் முறை முடித்துவிட்டு, நிமிராமலே, "அந்தப் பொண்ணு பஸ் ஏறறதுக்குள்ள கூப்பிடுங்க" என்றார்.

அவள் வந்ததும் அவர் இடுக்கியை அவள் கையில் கொடுத்தார். முழு வகுப்பையும் வரச் சொல்லிவிட்டார், எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் தொடுவதற்கு முன்னால் குனிந்து, மெதுவாக, "கொஞ்சம் தூக்கிக்கறேம்மா" என்றாள். எங்களுக்குச் சொல்லவில்லை, அந்த அம்மாளிடம் சொன்னாள். பிறகு தோலை இழுக்காமல், ஒரு இழையைக்கூடக் கிழிக்காமல், வேரிலிருந்து முடிவுவரை காட்டினாள். பேராசிரியர் வகுப்பைப் பார்த்து, "தப்பு என்னுது. பதினெட்டாம் கேள்விக்கு இவ எழுதினதுதான் விடை. மத்தவங்க மார்க்கக் குறைக்கல, ஆனா மத்தவங்க யாருக்கும் தான் எழுதினத சரின்னு நெனச்சுட்டுப் போக உரிமையில்ல" என்றார். எழுபது ஆனது. அந்தப் பெண் இடுக்கியைக் கீழே வைத்து, துணியை ஈரமாக்கி, தானே அந்த அம்மாளை மூடினாள். நான் சொல்லாமல் அதைச் செய்த பிள்ளையை நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது பேராசிரியர் என்னிடம், முடிவைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார். இத்தனை வருடம் அவர் கூடத்தில் நின்றவள், அவரையே சொல்லியிருக்கலாம், அவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். "எம் பொண்ணு சார்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, "அப்ப என் தோளு வீணாப் போகல" என்றார். முழங்காலுக்கு இன்னும் ஊசி வேண்டாமாம், நடந்தால் போதுமாம், அவர் நடப்பதில்லை, நீ ஒரு வார்த்தை கண்டித்து எழுது, நீ சொன்னால்தான் கேட்கிறார்.

நேற்று நினைவுக்கூட்டம். ஏழாம் மேசை அம்மாளின் மகன் வந்திருந்தார், யெசேனியா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்வரிசையில் இருந்துகொண்டு உன்னை நினைத்தேன். நீ போன நாளிலிருந்து இங்கே யார் கேட்டாலும் எங்கள் பெண் இந்த ஊர்க்காரி, படிப்புக்காக அங்கே இருக்கிறாள், வந்துவிடுவாள் என்றுதான் பதினோரு வருடமாகச் சொல்லி வந்தேன். நேற்று கூட்டம் முடிந்து நடந்த விருந்தில் ஒருவர் கேட்டபோது, அவள் டனீடன் டாக்டர், கை தூக்க முடியாதவர்களைத் தொப்பி கழற்ற வைக்கிறவள் என்றேன். நீ எங்கே போய்ச் சேர்ந்தாயோ அதுதான் உன் பெயர் என்று எனக்கு இப்போது சம்மதம்.

நீண்ட ஆயுளோடும், நடுங்காத கையோடும், வயிறு நிறையவும் இரு மகளே, கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், என்னவென்று பார்த்ததும் தெரியும். என் கையெழுத்து போட்டாயிற்று, அப்பா சாட்சிக் கையெழுத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டார், வாரிசு என்ற இடத்தில் உன்னுடையது வேண்டும், மறக்காமல் நீல மையில் போட்டு அனுப்பு. அவசரம் ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ அன்று கேட்டதற்குப் பதில் சொல்ல ஐந்து வருடம் ஆகிவிட்டது. என்னை மெதுவாகத் தூக்குகிற கைகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டேன்.

உன் அன்புள்ள அம்மா,
டார்லீன் குபிச்செக்