ஓடாத மெஷினின் சூடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அறைத் தோழி இன்னும் குறட்டை விடுகிறாளா என்றெல்லாம் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். நான் சொல்ல வேண்டியது வேறு. போனில் என்றால் நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் வெயில் ஜாஸ்தி என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுவேன். மூன்று தடவை அப்படித்தான் ஆயிற்று.

மாப்பிள்ளை ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. உன்னிடம் லீவு என்று சொல்லியிருப்பார். லீவெல்லாம் இல்லை, அவருடைய சர்வீஸ் கம்பெனி வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம். வேலை போய்விடும் என்றுதான் பேச்சு. போனால் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதற்கெல்லாம் காரணம் யார் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு நேரம் நான்தான் என்று தோன்றுகிறது, இன்னொரு நேரம் இல்லவே இல்லை என்று தோன்றுகிறது.

நான் வாட்ச்மேனாக இருக்கும் பாட்டில் மூடி ஃபேக்டரியில் சில்லர் என்று ஒரு பெரிய மெஷின் உண்டு, உனக்குத் தெரியும். தண்ணீரைக் குளிர வைத்து அச்சுகளுக்கு அனுப்புவது. வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேக்டரியை நாலு நாள் மூடி அதற்கு சர்வீஸ் செய்வார்கள். இந்தத் தடவை வந்தது நம் மாப்பிள்ளை. குழாய்களையெல்லாம் பிரஷ் போட்டுக் கழுவினார், பழைய எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றினார், கேஸ் நிரப்பினார். எனக்கு ஒரே பெருமை. கேட்டில் வந்து போகிறவர்களிடமெல்லாம் உள்ளே வேலை செய்வது என் மருமகன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு, மெயின் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், சனிக்கிழமை காலையில் வந்து ஸ்டார்ட் பண்றேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜரிடம்தான் சொன்னார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுற்றிப் பார்க்கப் போனேன். ஈ காக்கை இல்லாத கட்டிடத்தில் சில்லர் ரூமில் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. என்னடா இது என்று கம்ப்ரசரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது பாப்பா! மெஷின் ஓடவே இல்லை, சத்தம் இல்லை, அசைவு இல்லை, அடிவயிறு மட்டும் சுடுகிறது. எங்கேயோ ஒயர் கருகுகிறது, தீப்பிடித்தால் மாப்பிள்ளை தலையில்தான் விடியும் என்று பதறிப்போய் மெயினை அணைத்துவிட்டேன். என் கை உனக்குத் தெரியாததா, நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைத்தவன் ஆயிற்றே. ஒரு பெரிய விபத்தைத் தடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும்தான், அவர் போட்டு வைத்ததை நாம் எதற்கு அணைத்தோம், கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு யோசனை வந்தது. போய் மறுபடியும் போட்டுவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சரி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தார். விளக்கைப் பார்த்தார், அடியில் கையை வைத்துப் பார்த்தார். மேனேஜர் வேறு, சீக்கிரம்ப்பா, ஆளுங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க என்று பின்னாலேயே அரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பம்புகளை ஓடவிட்டு, ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சில்லரை ஸ்டார்ட் செய்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வந்து அப்படியே நின்றுவிட்டது. பிறகு எத்தனை தடவை முயன்றும் அசையவில்லை.

அந்தச் சிவப்பு விளக்கும் சூடும் எதற்கு என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மெஷின் சும்மா நிற்கும்போது கேஸ் போய் எண்ணெயில் கலந்துவிடுமாம். கலக்காமல் இருக்கத்தான் அடியில் ஒரு ஹீட்டர் ஒரு நாள் முழுக்க எரிய வேண்டுமாம். எரியாமல் ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நுரைத்துப் பொங்கிவிடும், உள்ளே இருக்கிற பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராது, எல்லாம் இறுகிப்போகும். இரண்டு மணி நேரச் சூடு மேல் தகட்டைச் சுட வைக்கத்தான் காணுமாம், உள்ளே இருக்கிற எண்ணெய் காயாதாம். எதை அணைத்தாலும் நல்லது என்றே ஐம்பத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு இது எப்படிப் புரியும், நீயே சொல்லு.

இனிமேல்தான் என்னைப் போட்டுக் குழப்புகிற விஷயம். மேனேஜர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். எண்ணெய்ச் சூட்டைக் காட்ட மீட்டர் இருக்கு, நான் அதைப் பாக்காம கைய வச்சுப் பாத்துட்டேன், என் தப்புதான் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அப்படியானால் அவர் தப்புதானே? நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மேனேஜர் விடவில்லை. யாராவது மெயினை அணைச்சீங்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தேன். அதற்குள் மாப்பிள்ளை, மாமாவுக்கு அந்த ரூம்ல வேலையே இல்ல சார் என்று சொல்லிவிட்டார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரியாமல் சொன்னார் என்றால் என்னை அவ்வளவு நம்புகிறார். தெரிந்து சொன்னார் என்றால் எனக்காகத் தன் பிழைப்பையே விட்டுக்கொடுக்கிறார். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வெட்கக்கேடு. நேற்று சாப்பிட வந்தவர் எழுந்து போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுப் போனார். எப்போதும் அணைக்கவே மாட்டார். ஏதாவது ஜாடையாகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, மனுஷன் ஃபேன நிறுத்துனதுக்கா இவ்ளோ யோசனை என்கிறாள். அவளிடமும் நான் நடந்ததைச் சொல்லவில்லை. நீ அவர் பெண்டாட்டி. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று உனக்காவது தெரிகிறதா?

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் வந்ததும் முதல் ஆளாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். என் வேலை போனால் போகட்டும். ஆனால் பாப்பா, என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கதவு வரை போவேன், குட் மார்னிங் சார் என்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். இந்த வாரத்தில் இரண்டு தடவை அப்படி வந்தாயிற்று. அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அப்பா திங்கட்கிழமை மேனேஜரிடம் ஏதாவது சொன்னாரா என்று கேள். சொன்னார் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிக்கிற வேலையைப் பார். சொல்லவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் இதை அப்படியே படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிடு. அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அப்பா என்று பார்க்காதே.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா