டிரம்மில் ஒட்டிய சீட்டு

பிப்ரவரி 3, திங்கள்

இன்றுமுதல் நடப்பதை உள்ளபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் விஷயமானாலும் மாற்றமாட்டேன்.

ஜிஷா டீச்சர் ஆங்கிலப் பன்மையும் உடைமையும் நடத்தினார். பாக்ஸ் என்றால் ஒன்று, பாக்ஸஸ் என்றால் பல. நைஃப் பன்மையானால் எஃப் போய் வி வந்துவிடும். தமிழிலும் மலையாளத்திலும் ‘கள்’ போட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் பல என்பதற்கும் எஸ், யாருடையது என்பதற்கும் எஸ். நடுவே தொங்கும் சின்னக் கொக்கிதான் வித்தியாசம். அடுத்த திங்கள் பரீட்சை. வீட்டுச் சாமான்களில் சீட்டு எழுதி ஒட்டிப் படிக்கச் சொன்னார்.

சோற்றுப் பசையால் ஒட்டினேன். அப்பாஸ் ஷர்ட்ஸ். அம்மாஸ் பாட்ஸ். முற்றத்துத் தண்ணீர் டிரம்மில் அம்மாஸ் டிரம். ஒன்றைக்கூட விடவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பயமாக இருக்கிறது.

அந்த டிரம் எங்களுக்கும் பக்கத்து அறை மாடத்தி பெரியம்மாவுக்கும் பொது. எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைக்கவே இல்லை. பெரியம்மாவின் மகள் விஜி அக்கா சீட்டைப் படித்துச் சொல்லிவிட்டாள்.

பெரியம்மா முற்றத்தில் நின்று கத்தினார். "கொச்சங்காடிக் கடையிலேருந்து இதைத் தலையில சொமந்துட்டு வந்தவ நானு. இப்ப இங்கிலீஷ்ல பேரெழுதி ஒட்டுறீங்களா?"

"பிள்ளை பாடத்துக்கு எழுதினது. அதுக்கு இப்படிக் கெடந்து சாடணுமா அக்கா?" என்றார் அம்மா.

"ஏ காளி, வீட்ல நீங்க பேசுறதைத்தானே பிள்ளை எழுதும்?"

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் அப்படிப் பேசியதே இல்லை! சீட்டைக் கிழித்தேன். பாதிதான் வந்தது.

பிப்ரவரி 5, புதன்

பெரியம்மா தனியாகக் குடங்கள் வாங்கி வரிசையாக வைத்திருக்கிறார். டிரம்மைத் தொடுவதில்லை.

சுக்குக் கிடங்கிலிருந்து அம்மா வர ஏழு மணியாகும். சின்ன வயதிலிருந்தே அதுவரை பெரியம்மா வீட்டில்தான் இருப்பேன். இன்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டுக்கு மேல் எலி ஓடினாலும் ஆள் நடப்பதுபோல இருந்தது. இருட்டின பிறகு யாரோ கதவைத் தொட்ட மாதிரி — காற்றா? தெரியவில்லை. எழுந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

"ரெண்டு நாள்ல சரியாப் போகும்" என்கிறார் அப்பா. இரண்டு நாள் ஆகிவிட்டது.

பள்ளியில் ரஃபீனா என் நோட்டைப் பார்த்து, "அப்பாஸ் எங்க மாமா பேராக்கும். அவர் சட்டை உங்க வீட்ல எப்படிடீ வந்துச்சு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பெரியம்மாவும் விஜி அக்காவும் கும்பளங்கிக்குப் போகிறார்களாம். பெரியம்மாவின் தம்பி வீட்டுக்கு. இந்த மாதத்தோடு அறையைக் காலி செய்கிறார்களாம்.

"ஒனக்கென்ன, டிரம் முழுசாக் கிடைக்குமில்ல" என்றாள் விஜி அக்கா.

நாந்தானே எழுதினேன்? நாந்தானே? அந்த அறைக்கு யாரோ தெரியாதவங்க வருவாங்க. நான் இப்படியே தினமும் தாழ்ப்பாளைப் பாத்துக்கிட்டு —

பிப்ரவரி 8, சனி

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று நாளாக வரவில்லை. என்னைத் தவிர யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலையில், பெரியம்மா லாட்ஜில் விரிப்புத் துவைக்கப் போயிருந்தார், விஜி அக்கா டியூஷனில். முன்பெல்லாம் வீட்டில் இருப்பவர் டிரம்மை நிரப்புவார், இரண்டு வீட்டுக்கும் ஆகும்.

பெரியம்மாவின் குடங்கள் காய்ந்து கிடந்தன. தொட்டால் மறுபடி கத்துவாரோ? தண்ணீர் எப்போது நிற்கும் என்றும் தெரியாது. அவர் குடங்களையே முதலில் நிரப்பினேன். டிரம் பாதியாகும் முன் குழாய் நின்றுவிட்டது.

மத்தியானம் பெரியம்மா வந்தார். குடங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாருடீ நெறச்சது?"

"நாந்தான் பெரியம்மா."

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தக் குடத்துல யாரு பேரை எழுதப் போறே?"

"யாரு பேரும் இல்ல."

"மூஞ்சியப் பாரு, ஐஸ்ல கெடந்த மீனு கணக்கா. வா, சாயா குடி."

சாயா போடுவதற்கு முன் ஒரு குடத்தைத் தூக்கி டிரம்மில் ஊற்றினார். இன்னொன்றையும் ஊற்றினார். கும்பளங்கியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா வந்ததும் டிரம்மைப் பார்த்தார். அம்மாவும் பெரியம்மாவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளை பரீட்சை. லேடீஸ், லீவ்ஸ், சில்ட்ரன் என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"ஏ காளி! அந்தப் பிள்ளைய இன்னும் எவ்வளவு நேரம் கத்தவிடுவே? லைட்டை அணை."

அம்மா சுவரைப் பார்த்து, "இதோ, அணைச்சிட்டேன் அக்கா" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் எழுந்துபோய் அணைத்தார். ஜன்னல் வழியே வரும் தெருவெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். பெரியம்மா வீட்டிலும் விளக்கு அணைந்துவிட்டது.