அப்பாவின் காதுக்குப் பின்னால் ஒரு துண்டு

என் அன்பு அம்மா,

அப்பாவின் கால்கள் இப்போது வாசற்படிகளோடு கோபித்துக்கொள்கின்றன. முற்றத்தில் ஓரளவு நடந்து வருபவர், சாப்பிடக் குசினி வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். பாதம் நிலத்தோடு ஒட்டிக் கிடக்க, உடம்பு மட்டும் முன்னே சரிகிறது. நீங்கள் இருந்தபோது கைநடுக்கம் மட்டும்தான். பார்க்கின்சன் நோய் இப்போது காலுக்கும் வந்துவிட்டது. விழுந்துவிடுவார் என்ற பயத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.

வவுனியாவில் டொக்டர் ஒரு வழி சொன்னார். கொழும்பில் செய்கிறார்களாம். தலையில் வெட்டுக்கொத்து இல்லை. காந்தச் சுருள் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து மூளையைத் தூண்டுவார்களாம். நோய் மாறாது, சிலருக்கு மட்டும் நடை கொஞ்சம் இளகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்பாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

“வயலுக்கு நானாப் போய் வந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்” என்றார்.

“ஐயா, தலையில உலோகம் ஏதும் கிடக்கோ?” என்று டொக்டர் கேட்டார். அப்பா உடனே இல்லை என்றார். எனக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இங்கே யார் உடம்பில்தான் சண்டையில் வெடித்த செல்துண்டு இல்லை? அதை யார் உலோகம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள்?

நீங்கள் போனபின் அப்பா எண்ணெய் வைத்து முழுகியதே இல்லை. கொழும்புப் பயணம் என்பதால் போன சனிக்கிழமை நான் வைத்துவிட்டேன். வலது காதுக்குப் பின்னால் விரலில் அது தட்டுப்பட்டது. செல்லடிக்குப் பதுங்கிய பங்கருக்குள் உங்கள் சேலையைக் கிழித்து நீங்கள் கட்டிய இடம். எடுத்தால் ஆபத்து என்று அப்படியே விட்ட துண்டு.

“அப்பா, இது இரும்பெல்லோ?”

“அது செல்துண்டு பிள்ளை. அவர் கேட்டது வேற.” பிறகு குரல் தாழ்ந்தது. “சொல்லிப்போடாதை. வேண்டாம் எண்டிடுவினம்.”

சொன்னால் அவருடைய நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் அந்தக் காந்தம் துண்டை என்ன செய்யும்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள், அம்மா? நான் டொக்டருக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். பயணத்தை நிற்பாட்டி, முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் சரிவராது என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை குசினி வாசலில் கால் ஒட்டி நின்றபடிதான் வாயைத் திறந்தார்.

“நான் டொக்டருக்குப் பொய் சொல்லேல்லை பிள்ளை. உண்மையா மறந்துபோனன். கொம்மாதானே ஒவ்வொரு சனியும் அதைத் தடவிப் பாக்கிறவா. அவா போனாப்பிறகு ஒருத்தரும் தொடேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் காட்டித் தந்தபடி அவருடைய காலுக்கு முன்னால் ஒரு தடியைக் குறுக்கே போட்டேன். அதைத் தாண்டக் காலைத் தூக்கியவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஸ்கேன் எதைச் சொல்லுமோ தெரியாது. எதைச் சொன்னாலும், இனிச் சனிக்கிழமைகளில் அந்த இடத்தை நான் தொட்டுப் பார்ப்பேன், அம்மா.

உங்கள் விரல்களோடு பிறந்த
மூத்த மகள்