மறுத்துக் கையெழுத்துப் போடாதே

என் செல்ல மகளுக்கு,

இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் சுகம், முழங்கால் வலியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையை மூடவில்லை. அப்பா போனபிறகு லென்ஸ் அறுக்க ஆள் இல்லை, ஆனாலும் பிரேமுக்குத் திருகு முடுக்க எனக்குத் தெரியுமே, பழைய ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் இப்போது தினமும் வருகிறான். அப்பா படுக்கையில் கிடந்தபோது போனைக்கூட எடுக்காதவன் குழாய் சரிசெய்கிறான், பழம் வாங்கி வருகிறான், உன் அண்ணி என் காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆட்டுக்குப் பயம் வராதா? அன்றைக்கு ஒருநாள் என்னிடம், உனக்கு அலமாரி செய்யணும்மா என்று டேப்பைக் கொண்டுவந்து பின்சுவரிலிருந்து கடை முகப்புவரை அளந்தான். அலமாரிக்கு எதுக்குடா வாசப்படி வரைக்கும் அளக்கறே என்றேன், சும்மாம்மா என்று சிரித்தான். சின்ன வயதில் பால்பவுடரைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இதே சிரிப்புத்தான் சிரிப்பான். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, மனசு கேட்கவில்லை.

அப்பா உயிலில் வீட்டையும் கடையையும் உன் பேருக்கு எழுதி, நீ உயிரோடு இல்லாத பட்சத்தில் உன் அண்ணனுக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். நீ போனில், எனக்கெதுக்கும்மா வீடு, வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன், நீயே வச்சுக்கோ என்றாய். அவனும் அதையே பிடித்துக்கொண்டு, அவ மறுத்துட்டா தானா உனக்கு வந்துடும்மா என்கிறான். அவன் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக எனக்கு ஒன்று வருகிறதென்றதும்தான் சுருக்கென்றது. அவன் சொன்ன வக்கீலிடம் போகாமல், நம்மிடம் கண்ணாடி போடும் வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுக்கறவங்க இன்னாருக்குப் போகட்டும்னு சொல்ல முடியாதும்மா, உங்க பொண்ணு அவங்க அப்பாவுக்கு முன்னாடியே செத்துப்போனதா சட்டம் எடுத்துக்கும், அந்த ஒரு வரிப்படி எல்லாம் நேரா உங்க பையனுக்குப் போயிடும், அப்புறம் மனசு மாறினாலும் திரும்ப வாங்க முடியாது என்றாள். யாருக்காவது தரவேண்டுமென்றால் நீ முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு உன் கையால் தானமாக எழுத வேண்டுமாம்.

இது அவனுக்குத் தெரியுமா, தெரியாமல்தான் அலைகிறானா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நேற்று நீ மறுப்பதாக ஒரு பத்திரத்தை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டான். நீ கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே சாட்சி என்று என் பேர். வீடு போனால் ஒரு வாடகை அறையில் கிடப்பேன், அது பெரிதில்லை. பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான், என் மகள் எப்போதோ செத்துவிட்டாள் என்பதற்கு நானா சாட்சி போடுவேன்? என் கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லிக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே போய்த் தபாலில் சேர்க்கிறேன், அவனிடம் கொடுக்கவில்லை. அவன் எதை அனுப்பினாலும் கையெழுத்துப் போடாதே, முதலில் எனக்குப் போன் செய். வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், காகிதத்திலும்தான்.

உன் அம்மா